முத்துச்செல்வியின் பேட்ஜ்

மில்லர்புரத்தில் சங்கரம்மாளின் வீட்டுக்கு முத்துச்செல்வி வந்தபோது கையில் சஸ்பெண்ட் உத்தரவும் ஓர் அறிக்கையும் இருந்தன. ஆஸ்பத்திரிகளில் கதிரியக்கப் பாதுகாப்பைச் சோதிப்பது சங்கரம்மாளின் தொழில். பக்கத்து வீட்டுச் சிலுவை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார்.

"கதிர்மருந்து ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கிற வேலை, அக்கா. மூணு மாசத்துல என் பேட்ஜ் வரம்பைத் தாண்டிட்டாம். கவனக்குறைவுன்னு எழுதிட்டானுவ. ஓட்டப்பிடாரத்துல எங்க வீட்டுல காலேஜ் போன முத ஆளு நான். இந்த எழுத்தோட போனா எவன் வேலை குடுப்பான்?"

மார்பில் குத்தும் பேட்ஜும் விரலில் போடும் மோதிரமும் வாங்கிய கதிரை ஆய்வகம் அளந்து அனுப்பியிருந்தது. அறிக்கையில் இரண்டே பெயர்கள்: அவள், அவளுடைய சீனியர் நயினார்.

"ஊசியைப் பிடிக்கது எது, அண்ணாச்சி?" என்றாள் சங்கரம்மாள்.

"கைதான். அப்போ விரல்லதான கூட இருக்கணும்!" சிலுவை தாளைப் பிடுங்கினார். "இவளுக்கு மார்புல கூட, விரல்ல கொஞ்சூண்டு! எவனோ பேட்ஜை மட்டும் மருந்துப் பக்கத்துல போட்டிருக்கான்."

"அடுத்த வரியையும் படிங்க."

நயினாருக்கு விரலில் எக்கச்சக்கம். மார்பில் ஏறக்குறைய பூஜ்யம்.

"வீட்டுக்குப் போகும்போது பேட்ஜும் மோதிரமும் எங்க இருக்கும்?" என்று சங்கரம்மாள் முத்துச்செல்வியிடம் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி ஆணியிலதான். காலை ஷிப்ட் நயினார் அண்ணாச்சிக்கு, மதியம் எனக்கு. ஊசி முக்காவாசி காலையிலயே முடிஞ்சிரும்."

மறுநாள் ஆஸ்பத்திரி மேலாளர் அறையில் சங்கரம்மாள் முத்துச்செல்வியின் மோதிரத்தை நயினாரிடம் நீட்டினாள். "போடுங்க." அது அவருடைய சுண்டுவிரலின் முதல் கணுவிலேயே நின்றுவிட்டது.

"காலையில இவ பேட்ஜைக் குத்திக்கிட்டீங்க. உங்க பேட்ஜ் ஆணியில சும்மா தொங்குச்சு. இந்த மோதிரம் ஏறல, அதனால விரலுக்கு மட்டும் உங்களதையே போட்டீங்க."

நயினார் தரையைப் பார்த்தார். "மூணு பேர் வேலைய ரெண்டு பேர் பாக்கோம். அளவு தாண்டினா என்னை வேலையைவிட்டுத் தள்ளிருவானுவல்லா. பதினாலு வருசம். எனக்கு வேற என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமோ?" என்றாள் முத்துச்செல்வி.

மேலாளர் பேனாவைத் திறந்தார். "சரி. நயினார் வெளிய. நீ நாளைக்கே வா, ரெண்டு ஷிப்டும் நீயே பாரு. அவசரத்துல பேட்ஜ் மாறிட்டுன்னு கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதிருவோம்."

"ஏன் மாறுச்சுன்னும் எழுதணும். மூணு பேர் வேலைக்கு ரெண்டே பேருன்னு," என்றாள் முத்துச்செல்வி.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். அவள் அதை எடுத்து, திறந்து, தானே எழுதத் தொடங்கினாள்.

"இத அனுப்பினா இங்க உனக்கு வேலை இல்ல."

"நேத்தும் இல்ல," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.