பெர்னார்டின் தலையணை

"மிஸ், கெட்டவன் எப்பவும் பின்வாசல் வழியாதான் வருவானா?"

பாமா அப்படிக் கேட்டது ஒரு மழை நாள் மத்தியானம். நல்ல மருத்துவர் ஒருவருக்குள் கொலைகாரன் குடியிருந்த ஆங்கிலக் குறுநாவலை அன்றுதான் டோரதி வகுப்பில் நடத்தி முடித்திருந்தாள். மாணவிகளுக்குத் தோன்றியதைச் சொல்லச் சொன்னாள். கெட்டவனை முகமே காட்டிக்கொடுக்கும் என்றாள் ஒருத்தி. டாக்டருக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. பாமா மட்டும் மணி அடித்த பிறகும் போகவில்லை.

"எங்க பெரியம்மா வீட்டுக்கு முன்வாசல் வழியாதான் வந்தாரு மிஸ். உங்க வீட்டு சார். கதவச் சாத்தச் சொன்னாரு. நான் ஜன்னல்ல பாத்தேன். தலகாணிய எடுத்து மூஞ்சி மேல..."

"சும்னே இரு பாமா! சாகப்போறவங்களுக்காக ஜெபம் பண்றவரைப் போய்..."

"பெரியம்மா அன்னிக்குக் காலைல இட்லி சாப்ட்டாங்க மிஸ்."

பிரேசர் டவுனில் டோரதியின் கணவர் கம்பவுண்டர் பெர்னார்டை அழைக்காத வீடு இல்லை. எந்த மதத்தாரானாலும் கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவார். நோயாளிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று தன் தலையணையையே எடுத்துப் போவார். அதன் உறையைத் துவைப்பது டோரதி. சின்னச் சின்ன உதவிகளில்தான் ஆண்டவர் நடமாடுகிறார் என்று நம்புகிறவள். உறை சில சமயம் நடுவில் கிழிந்திருக்கும். வெள்ளை நூலால் தைத்துக் கொடுப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கொடியிலிருந்து உறையை எடுத்தாள். பார் சோப்பின் வாசனை. அதற்கடியில், எத்தனை துவைத்தும் போகாத தைல வாசனை. கூடத்தில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கை கழுவுவது கேட்டது. உறையை வெளிச்சத்தில் பிடித்தாள். தலை வைத்தால் துணி தேயும். கிழியாது. அவள் போட்ட தையல்கள் வளைந்திருந்தன. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை.

பல் வரிசை.

டோரதியின் அம்மாவும் செத்த அன்று காலையில் காப்பி கேட்டிருந்தாள்.

"சமாதானமா போய்ட்டாங்க, டோரதி" என்று அவர் வெளியே வந்தபோது, அந்தக் கைகளை இவள் முத்தமிட்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே பாமாவை நம்பவில்லையே. அவர் பக்கத்தில் மூச்சுவிடுவதைக் கேட்டபடி படுத்துக் கிடந்தாள். சீரான மூச்சு. நல்லவரின் மூச்சு.

தை மாதக் குளிரில் பெர்னார்டுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். அன்று காலையில் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு எல்லம்மா எட்டிப்பார்த்தாள். "ஊருக்கெல்லாம் உக்காந்தவரு. அவருக்கு யாரு உக்காருவாங்க, மிஸ்ஸம்மா?"

"நான் இருக்கேன். நீங்க போய் வேலையைப் பாருங்க."

கதவைச் சாத்தினாள். பஞ்சை நனைத்து அவர் உதட்டை ஈரமாக்கினாள். ஜெபத்தில் ஒரு வார்த்தை தப்பவில்லை.

அவர் கண் திறந்தது. அவள் கையில் இருந்ததைப் பார்த்தது.

"டோரதி... அது எதுக்கு?"

அவர் மறந்த ஒன்றை அவள் மறக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி. மறுபடி.

நின்றது.

வெளியே எல்லம்மா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். கதவைத் திறப்பதற்கு முன் டோரதி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். உறையை மடியில் விரித்தாள். வெள்ளை நூலின் நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஊசியில் கோத்தாள்.