ஆளுண்டு

அண்ணன் வேல்சாமி கடைசியாகக் கூப்பிட்டது பதினொன்று பத்துக்கு. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தின் அறிவிப்புக் குரல் மழையில் நனைந்து, பாதிச் சொற்களை வழியில் உதிர்த்துவிட்டு, நான்காவது மாடி ஜன்னல் வரை ஏறி வந்துகொண்டிருந்தது. சுஜா சாயாக் கிளாஸைக் கீபோர்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு மேஜைப் போனை எடுத்தாள்.

"பிள்ளே, பாப்பனங்கோடு. ஆளுண்டு."

"சரிண்ணே."

"அம்மைக்கு சாளை மீனு வாங்கணும், மறந்துராத. எனக்கு நேரமாவும். குழி முழுக்க வெள்ளம்."

"நேத்தும் நான்தான் வாங்கினேன். இன்னைக்கு ஒனக்க முறை."

"ஏசில இருக்க தம்புராட்டி சாளை வாங்கினா கை நாறுமாக்கும்." சிரித்தான். வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். ஆனால் 'ஆளுண்டு' என்ற சொல் அவளுக்கு இரண்டு தடவை கேட்டது. ஒன்று வாய்க்குப் பக்கத்திலிருந்து. இன்னொன்று சற்றுப் பிந்தி, தூரத்தில், கீழேயிருந்து, தண்ணீருக்குள் நின்று யாரோ திருப்பிச் சொன்னதுபோல. எதிரொலி என்று நினைத்தாள். பாப்பனங்கோடு என்ற சொல்லுக்கு எதிரொலி வரவில்லை, சாளைக்கு வரவில்லை, சிரிப்புக்கும் வரவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜெயன் சார் நடத்திய லிஃப்ட் சர்வீஸில் அந்தச் சொல்லுக்கு ஒரு முறை இருந்தது. டெக்னீஷியன் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கும்முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆபீசைக் கூப்பிட்டு 'ஆளுண்டு' என்பான். சுஜா கம்ப்யூட்டரில் அந்தக் கட்டிடத்துக்கு நேரே சிவப்புக் குறி போட்டு, அங்குள்ள வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "ஆளுண்டு, கறண்டைத் தொடாதீங்க" என்பாள். வேலை முடிந்து ஏறி வந்ததும், டெக்னீஷியன் குழியைப் பார்த்து மூன்று தடவை 'ஆளுண்டா' என்று கத்த வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஆபீசுக்கு 'ஆளில்ல' என்று சொல்வான். சிவப்பு அணையும். மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் இல்லை. அந்தச் சொல்தான் பூட்டு. பதினாறு வருஷம் ஒரு விரல்கூட நசுங்காமல் அது காத்தது.

பிறகு ஜெயன் சாரின் கம்பெனி கொச்சியிலிருந்த பெரிய கம்பெனியோடு இணைந்தது. இரண்டு ஆபீசின் கம்ப்யூட்டர்களும் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்றார்கள். பழையதில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகப் புதியதில் உள்ள சொல்லை எழுதி ஓர் அட்டவணை தயாராக வேண்டும், அறுபத்திரண்டு வரிகள். கொச்சி ஆபீசிலிருந்து ஆதிரா என்ற பெண் வீடியோவில் வந்து உட்கார்ந்தாள். சுஜா ஒவ்வொன்றாக வாசித்தாள். பழைய சொற்களில் சிலவற்றைக் கேட்டு ஆதிரா கை கொட்டிச் சிரித்தாள். இரண்டு ஆபீசுக்கும் சேர்த்து இருந்த மூன்று ஆபரேட்டர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே காதில் விழுந்திருந்தது.

"சேச்சீ, பதினாலாமத்தேது எந்தா? ஆளுண்டு?"

சுஜாவுக்கு அது என்னவென்று தெரியும். குழியில் மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம். புதிய பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. சொன்னால் தனியாக ஒன்று செய்ய வேண்டும். கொச்சியில் பலர் கூடிப் பேச வேண்டும். திருவனந்தபுரத்துக்காரி இடைஞ்சல் செய்கிறாள் என்று ஆகும். மணி நான்கரை. தலை வலித்தது.

"ஆள் செந்நிட்டுண்டு, நோக்குந்நுண்டு எந்நு" என்றாள். ஆள் போயிருக்கிறார், பார்க்கிறார் என்று.

"அப்போ அட்டெண்டட். ஸிம்பிள்!"

அட்டெண்டட். வந்து பார்த்தாயிற்று. பதினான்காவது வரி நிறைந்தது. தயாரித்தவர்: சுஜா.

புதிய முறை நடைமுறைக்கு வந்த முதல் திங்கட்கிழமைதான் அந்தப் பதினொன்று பத்து. திரையில் வந்த பெட்டியில் அட்டெண்டட் மட்டுமே இருந்தது, அழுத்தினாள். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. வாட்ச்மேனைக் கூப்பிடக் கை போனிடம் போனது. இனி யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், செய்தி தானாகப் போகும் என்று சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தாள் சொன்னது. கையை எடுத்துக்கொண்டாள்.

செய்தி தானாகப் போனது. பாப்பனங்கோட்டில் வாட்ச்மேன் பிச்சைக்கனிக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. இரண்டாம் மாடிக்கார அம்மாளிடம் காட்டினார். உங்கள் லிஃப்ட் கவனிக்கப்பட்டது, உபயோகிக்கலாம் என்று அவள் வாசித்தாள். அவர் மெயினைப் போட்டார்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு அதே போன் மறுபடி அடித்தது.

*

பதினாறாம் நாள் முடிந்து சுஜா ஆபீசுக்குத் திரும்பினாள். அவளைத்தான் வைத்துக்கொண்டார்கள். உடன் வேலை பார்த்த லிபிக்கு மாதக் கடைசிவரை தவணை. லிபி எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். எல்லாரும் அன்பாகவே இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் அம்மா கோமதியம்மாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள், தினமும், அரிசி களையும்போதும் விளக்கேற்றும்போதும்.

"கடசீல அவன் என்ன சென்னான் பிள்ளே?"

"சாளை வாங்கணும்ணு சென்னான்மா."

"வேற ஒண்ணும் செல்லேல்லியா?"

"இல்லம்மா."

ஜாமீனில் வந்த பிச்சைக்கனி ஒருநாள் படியேறி ஆபீசுக்கு வந்தார். எழுபதை நெருங்கியவர். லிஃப்டில் ஏற மாட்டேன் என்று நான்கு மாடியும் நடந்தே வந்திருந்தார். மூச்சு அடங்கும்வரை நின்று, பிறகு போனை நீட்டினார்.

"மெசேச்சு வந்துச்சும்மா. நான் சும்மா போடல. எப்பவும் நீங்க கூப்புடுவியள்லா, ஆளுண்டுன்னு? அன்னைக்குக் கூப்புடலையே. அத நீங்க ஒரு வார்த்த போலீசுல சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தாயி."

"எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்தான் பாக்குது பெரியவரே. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் அவளையே பார்த்தார். கோபமில்லை. "செத்தது ஒங்க அண்ணனாம்லா" என்றார். பிறகு படியிறங்கும் சத்தம், நான்கு மாடியும், ஒவ்வொரு படியாக.

மறுநாள் காலை போன் அடித்தது.

பழைய மேஜைப் போன். இணைப்பைத் துண்டித்து மூன்று வாரமாகிவிட்டது. அதன் வயரை யாரோ சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, போனின் மேலேயே வைத்திருந்தார்கள். எடுத்துப் போவது யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் இல்லாததால் அங்கேயே கிடந்தது. மணி பதினொன்று பத்து. லிபி இரண்டு மேஜை தள்ளி ஹெட்போன் போட்டபடி நகம் கடித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. சுஜா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக, உயரத்திலிருந்து தேங்கிய நீரில் விழும் தண்ணீர். கிரீஸும் துருவும் பழைய வெள்ளமும் கலந்த அந்தக் குழி வாசனை, அண்ணனின் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் எழுந்துவந்த வாசனை, ரிசீவரின் துளைகள் வழியே வந்தது.

"ஆளுண்டா?"

வைத்துவிட்டாள். திரையில் புதிதாக ஒரு வரி விழுந்திருந்தது. பாப்பனங்கோடு. நிறம் சிவப்பு. புதிய முறையில் சிவப்பே கிடையாது.

அழித்தாள். சாயா குடித்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி விளையாடுபவர் யாரும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் அதே நேரம் சிவப்பு வரி கரமனையில் இருந்தது. கரமனையில் பழுது எதுவும் பதிவாகவில்லை. அதற்கடுத்த நாள் கிள்ளிப்பாலம். அந்த வரிகளை அவள் மனத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் அண்ணனின் பைக்கில் அவள் வீட்டுக்குப் போன சாலை அது. யாரோ அதே சாலையில் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு கட்டிடம். அவசரமில்லாமல்.

அன்று இரவு அவள் ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். அட்டவணையைத் திருத்திவிடலாம். பதினான்காவது வரியை மாற்றி, ஏன் மாற்றினேன் என்று எழுதி, அதையே பிச்சைக்கனியின் வக்கீலுக்கும் கொடுத்துவிடலாம்.

காலையில் அட்டவணையைத் திறந்தாள். வரியைத் தொட்டதும் ஒரு பெட்டி வந்தது. மாற்றத்துக்கான காரணம் என்ன? கீழே காலியிடம். கர்சர் துடித்தது. 'ஆளுண்டு என்றால்' என்று தொடங்கினாள். ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசிப்பாள் என்று தோன்றியது. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் எப்படியோ வாசிப்பாள். பெட்டியை மூடினாள். மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை என்றது திரை.

பதினொன்று பத்து. போன் அடிக்கவில்லை.

திரையில் சிவப்பு வரி. தம்பானூர். அவர்கள் ஆபீஸ் இருக்கும் கட்டிடம்.

வெளியே மழை திடீரென்று இறுகியது. பகல் பதினொரு மணிக்கு அறை சாயங்காலம்போல் இருண்டது. மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அந்த நிசப்தத்தில் வெளியே நடைகூடத்தின் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொட்டு. நிதானமாக இன்னொரு சொட்டு.

போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள்.

நடை இருட்டாக இருந்தது. லிஃப்ட் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே லிஃப்டின் கூடு இல்லை. கறுப்பு மட்டும். அதிலிருந்து குளிர்ந்த காற்று மெல்ல மேலே வந்து, வாசனையோடு அவள் முகத்தில் பட்டது. கிரீஸ். துரு. வெள்ளம். அதற்கடியில் லேசாக, அவளுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்று, அண்ணன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்.

"ஆளுண்டா?"

கீழேயிருந்து. அவன் குரல். மிரட்டல் இல்லை. வேலை முடிந்தவன் வழக்கமாகக் கேட்கிற மாதிரி. ஆனால் மேலேயிருந்து கீழே கேட்கும் கேள்வி அது. குழியிலிருந்து மேலே யாரும் கேட்பதில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு ஈரமாக இருந்தது.

"ஆளுண்டா?"

இரண்டு. இன்னும் நெருங்கி. பதில் சொல்ல வாய் திறந்தது. உண்டுண்ணே. நான்தான். நான் இருக்கேன். நான்தான் அழுத்தினேன். தொண்டைவரை வந்தது. நின்றது.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

மின்சாரம் வந்தது. கையிலிருந்த செல்போன் துடித்தது. உங்கள் லிஃப்ட் கவனிக்கப்பட்டது, உபயோகிக்கலாம். அவள் கதவிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். கம்பிகள் நடுங்கின. கீழேயிருந்து கூடு ஏறி வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கதவு முழுதாகத் திறந்தது.

வெளிச்சம். கண்ணாடி. காலி.

தரை முழுக்கத் தண்ணீர்.

பிறகு பஸ்ஸர் அடித்தது. நீளமாக, நிற்காமல். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்துகள். எடை அதிகம். ஆறு பேர் ஏறும் லிஃப்ட். ஒருவரும் இல்லாத லிஃப்ட். எடை அதிகம்.

பின்னால் ஆபீஸ் கதவு திறந்தது. லிபியின் குரல், அந்தச் சத்தத்தில் எரிச்சலோடு, சாதாரணமாக.

"எந்தொரு ஒச்சயா சேச்சீ? லிஃப்டில் ஆளுண்டோ?"

சுஜா திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. அதன் தோளுக்குக் கீழே கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஆவி படர்ந்தது, மறைந்தது, மறுபடி படர்ந்தது.

"இல்ல" என்றாள். "ஆளில்ல."

அந்தச் சொல்லில் பஸ்ஸர் நின்றது. சிவப்பு அணைந்தது. கதவு சாந்தமாக மூடியது. கூடு இறங்கத் தொடங்கியது. மூன்று. இரண்டு. ஒன்று. அதற்குப் பிறகும் இறங்கியது. எண்கள் முடிந்த பிறகும், நெடுநேரம். கீழே தண்ணீரில் இரண்டு கைகள் அறைந்தன. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு கம்பிகள் தளர்ந்தன.

"வரூ சேச்சீ, சாயா தணுக்கும்" என்றாள் லிபி.

பிச்சைக்கனி இன்னும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். போனில் அழைப்பு எதுவும் வருவதில்லை. ஒருநாள் யாரோ வந்து அதை எடுத்துப் போனார்கள். அந்த அட்டவணையை வைத்தே இப்போது கொல்லம், ஆலப்புழை ஆபீசுகளையும் மாற்றிவிட்டார்கள். பதினான்காவது வரி அப்படியே இருக்கிறது. ஆளுண்டு: அட்டெண்டட். தயாரித்தவர்: சுஜா.