துருவேறாத மூலை

“சாயங்காலம் அறையைப் பூட்டுறதுக்குள்ள நான் திருடி இல்லைன்னு ஆகணும், லயனல். இல்லேன்னா நம்ம தலைவர் விட்கம் போலீஸைக் கூப்பிடுவாராம்.”

வெர்னெட்டா கைல்ஸ் இதைச் சொன்னபோது லயனல் ப்ரூ ஜன்னலோரம் ஒரு பழைய கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் மூலையில் துருவேறிய இரண்டு பொட்டுத் துளைகள். பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த, அதற்குப் போன பதிலின் மெல்லிய கார்பன் நகலிலும் அதே இடத்தில் அதே துளைகள். வாஷிங்டன் முழுக்க மழை. ஆவணக் காப்பகத்து வாசிப்பு அறையின் பச்சை விளக்குகளும் சோம்பிச் சுற்றும் மின்விசிறிகளும் சேர்ந்து, தண்ணீருக்கடியில் போய்விட்ட ஊருக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் ஆண்ட ஒரு ஜனாதிபதியின் குறிப்புகளும் கடிதங்களும் அங்கே பெட்டி பெட்டியாகத் தூங்கின.

அவற்றை வகை பிரிப்பது லயனலின் வேலை. பெட்டிகளை வாசகர்களின் மேசைக்குத் தள்ளிக்கொண்டுபோய்த் திரும்ப வாங்கி அடுக்குவது வெர்னெட்டாவின் வேலை. அவள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டத்துக்குக் கிடைத்தது ஒரு தள்ளுவண்டி.

“உட்காருங்க. என்ன காணோம்?”

“உட்கார எல்லாம் நேரமில்ல. பேராசிரியர் லாஷ் புத்தகம் அச்சுக்குப் போகுதாம். அலோன்சோ டில்மனுக்கு ஜனாதிபதி எழுதின பதிலைப் படம் எடுக்கணும்னு வந்தார். பெட்டியில அது இல்ல. வசந்தகாலத்துல அவர் கண்ணால பார்த்தாராம். அப்புறம் அந்தப் பெட்டியைத் தொட்டது நான் ஒருத்திதான். விட்கம் எல்லார் முன்னாடியும் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். சீப்பு, பஸ் டிக்கெட், பாதி சாண்ட்விச்.”

“சாண்ட்விச்சை விட்டாங்களா?”

“சிரிக்காதீங்க, கடிச்சிருவேன்.”

டில்மன் யாரென்று இருவருக்குமே தெரியும். தபால் இலாகாவில் குமாஸ்தா. வெர்னெட்டாவைப் போலவே கறுப்பர். ஒருநாள் காலையில் வேலைக்கு வந்தபோது, வெள்ளைக்காரக் குமாஸ்தாக்களின் கண்ணில் படாமலிருக்க அவர் மேசையைச் சுற்றி ஒரு மறைப்பு நிறுத்தியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி ஜனாதிபதிக்கு எழுதினார். மறைப்பை எடுக்க உத்தரவிடுவதாக அன்போடு பதில் வந்தது என்று லாஷ் தன் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார்.

“அந்தப் பதில் இருக்குன்னு கேட்டப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?” என்றாள் வெர்னெட்டா. “அதையா நான் திருடுவேன்?”

லயனல் கையிலிருந்ததை உறையில் வைத்தார். “வாங்க, பேராசிரியர்கிட்ட பேசலாம்.”

லாஷ் பெரிய மேசையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வாசிப்பு அறைத் தலைவர் விட்கம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

“அந்தக் கடிதம் எப்படி இருந்தது, பேராசிரியர்?” லயனல் மெதுவாகக் கேட்டார். “ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லுங்க. அவசரமே இல்ல.”

“ஞாபகமா? இப்பவும் கண்ணுல நிக்குது.” லாஷின் குரல் தூக்கத்தில் பேசுகிறவரின் குரல்போல் வந்தது. “கெட்டியான வெள்ளைத் தாள். மூணா மடிச்சிருந்தது. அந்த மடிப்பு தேய்ஞ்சு நூல்நூலா நின்னுது, யாரோ நூறு தடவை எடுத்துப் படிச்ச மாதிரி. கீழே அவர் கையெழுத்து. மை பழுப்பாயிருந்தது. அதுமேல என் விரலை ஓட்டினேன்.”

“இந்தப் பெட்டியிலதானே? வேற எங்கேயும் இல்லையே?”

“இதே பெட்டி. இதே மேசை. அப்பவும் மழை.”

வெர்னெட்டாவுக்குக் காது சுட்டது. “பொய்னு சொல்லுங்களேன்,” என்று பல்லைக் கடித்து முணுமுணுத்தாள். லயனல் பெட்டியைத் திறந்து, டில்மனின் கடிதத்தையும் அதன் முன்னும் பின்னும் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

“இது ஜனாதிபதியோட சொந்தக் கோப்பு, பேராசிரியர். அவர் கையெழுத்துப் போட்ட தாள் உறைக்குள்ள போய், ஊர் தாண்டி, வாங்கினவர் வீட்டுக்குப் போயிடும். இங்கே தங்கறது கார்பன் நகல்தான். கையெழுத்தும் இருக்காது, மடிப்பும் இருக்காது. நீங்க சொன்னது டில்மன் வீட்டு அலமாரியில இருக்க வேண்டிய கடிதம்.”

விட்கம் குறுக்கிட்டார். “அனுப்பாமலே நின்னிருக்கலாமில்ல?”

“அனுப்பாத கடிதத்தை நூறு தடவை மடிச்சுப் பிரிச்சது யாரு, சார்?”

“அப்போ டில்மன் குடும்பமே திருப்பிக் கொடுத்திருக்கும்!” என்றார் லாஷ் சட்டென்று.

“கொடுத்திருக்கலாம். அப்பவும் நகல் ஒண்ணு இருக்கணும். இதைப் பாருங்க. பதில் போன ஒவ்வொரு கடிதத்தோடயும் அந்தப் பதிலோட நகலைக் குண்டூசியால குத்தி வெச்சிருக்காங்க. ஊசியைப் போன வருஷம் நானும் வெர்னெட்டாவும் எடுத்துட்டோம். துருவை எடுக்க முடியல.” அவர் விரல் ஒவ்வொரு மூலையாகப் போனது. எல்லாவற்றிலும் பழுப்பு நிறத்தில் இரட்டைப் பொட்டு. “இது டில்மன் எழுதினது.”

வெர்னெட்டா குனிந்து பார்த்தாள். மூலை சுத்தமாக இருந்தது. ஒரு ஊசிகூட அதைத் தொட்டதில்லை.

“இதோட எதையுமே குத்தல,” என்றாள் அவள். “காணாமப் போக இங்கே ஒண்ணுமே இருந்ததில்ல.”

லாஷ் அந்த மூலையை விரலால் தடவினார்.

“அவர் பதில் எழுதியிருப்பார்னு நம்பினேன்,” என்றார். “அப்படிப்பட்ட மனுஷன் எழுதாம இருப்பாரா? ஒரு மத்தியானம் இங்கேயே தூங்கிட்டேன். கனவுல அந்தக் கடிதத்தைப் படிச்சேன், ஒவ்வொரு வரியும். முழிச்சதும் எழுதி வெச்சேன். அத்தியாயம் அழகா வந்தது. அப்புறம் பதிப்பகத்தார் படம் கேட்டாங்க...”

“அதனால நான் ஜெயிலுக்குப் போகணும்,” என்றாள் வெர்னெட்டா. “நல்லாயிருக்கு. தூங்கினது நீங்க, கம்பி எண்ண நானா?”

லாஷ் தொப்பியை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் நடப்பவர்போல வாசலை நோக்கிப் போனார்.

வெர்னெட்டா டில்மனின் கடிதத்தை விட்டு இன்னும் கண்ணெடுக்கவில்லை. “அப்போ இவருக்கு யாருமே பதில் எழுதல.”

“எழுதல,” என்றார் லயனல்.

விட்கம் தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தினார். “சரி வெர்னெட்டா, முடிஞ்சுபோச்சு. போய் வேலையைப் பாரு. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.”

“என் பையைக் கொட்டினது நமக்குள்ளேயா, சார்? எல்லார் முன்னாடியும் திருடின்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான். டில்மன் மாதிரி எத்தனை நாளானாலும் காத்துட்டு இருக்கிற ஆள் நான் இல்ல.”

விட்கம் லயனலைப் பார்த்தார். லயனல் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் விட்கம் அறையின் நடுவில் போய் நின்றார். பச்சை விளக்குகளுக்கடியில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“மிஸ் கைல்ஸ் எதையும் திருடல. நான் சொன்னது தப்பு,” என்றார், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

வெர்னெட்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கடைசி மேசைக்குக் கேக்கல, சார்.”