தோலுரித்த கல்

பிரின்ஸ் ஒரு தடவைதான் தட்டினான். கல் மூன்று தடவை ஒலித்தது.

மரச்சுத்தியல் அந்தரத்தில் நிற்க, அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வார்ப்பிரும்பு எது கைக்கு வந்தாலும் முதலில் செய்கிற சோதனை இது. சட்டியோ, பணியாரக்கல்லோ, எதுவானாலும் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணிபோல் நீளமாக ஒலிக்க வேண்டும். கட்டையாக ஒலித்தால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். பதினைந்து வருஷத்தில் நல்ல சத்தமும் கேட்டிருக்கிறான், கெட்ட சத்தமும் கேட்டிருக்கிறான். ஒரு தட்டுக்கு மூன்று சத்தம் போட்ட இரும்பை இன்றுதான் பார்க்கிறான்.

அதுவும் எதிரொலி இல்லை. எதிரொலி தேய்ந்துகொண்டே போகும். இது மூன்றாவது ஒலிக்கு வரும்போது பலத்தது.

"என்னண்ணே, மந்திரம் போட்ட மாதிரி நிக்கிறீக?" கல்லை மினி வேனில் கொண்டுவந்திருந்த பழைய இரும்புக் கடை முத்துராஜா, சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏலே, உனக்கு எத்தனை தடவை கேட்டுச்சு?"

"எனக்கு ஆடிக் காத்துல எம் பொண்டாட்டி வையிறதே கேக்கல. அதனாலதான் இத்தனை சந்தோசமா இருக்கேன்" என்றான் முத்துராஜா.

பரோட்டாக் கல் அது. இரண்டடி அகலம், ஒரு அங்குல கனம், ஐம்பது கிலோவுக்குக் குறையாது. மேலும் கீழும் எண்ணெய் எரிந்து எரிந்து, விரல் தடிமனுக்குக் கருப்பு ஏறியிருந்தது. அந்தக் கருப்புக்குள்தான் பிரின்ஸின் ஆசை இருந்தது. அடியில் எங்காவது வார்த்த பட்டறையின் பெயர் இருக்கும். எந்தப் பட்டறை என்று தெரிந்துவிட்டால், கொச்சியில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் ஆட்கள் போட்டிபோட்டு வாங்குவார்கள். போடி பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இந்த அனுமந்தன்பட்டி வீட்டின் பின்னால், திராட்சைப் பந்தலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அவன் உட்கார்ந்ததே இந்தப் பெயர்களைத் தேடும் பைத்தியத்தால்தான்.

மூன்று நாள் வேலை. காஸ்டிக் கரைசல் ஊற்றிய சிமெண்ட் தொட்டியில் கல்லை முக்கிவைத்தான். கருப்பு, ஆட்டுத்தோல் உரிவதுபோலப் பாளம் பாளமாகக் கழன்றது. கல்லைப் பிடித்து உதவ வந்த மனைவி ஜெபஷீலாவின் வலது கையில் கரைசல் தெறித்து வெந்துபோக, டாக்டர் நாலு விரலுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டுவிட்டார். அடுத்த தொட்டியில் சோடா உப்புத் தண்ணீர், பேட்டரி சார்ஜர். கரண்டு பாய்ந்தால் துரு காவி நுரையாக மேலே வரும். இந்தக் கல்லுக்கு நுரை காவியாக வரவில்லை. அடர்ந்த சிவப்பு. ஈரமான வாடை, ஆட்டிறைச்சிக் கடையில் காலையில் கழுவிவிட்ட தரையின் வாடை, கொட்டகையைத் தாண்டிப் பந்தல்வரை போனது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்லைச் சங்கிலியில் மாட்டி வெளியே தூக்கிச் செங்கல் அடுப்பின் மேல் ஏற்றினான். ஏற்றுமுன் அடிப்பக்கத்தை வெயிலில் பார்த்தான். பெயர் இருந்திருக்கிறது. யாரோ அரம் வைத்து, அவசரமில்லாமல், ஒரு எழுத்துகூட மிஞ்சாதபடி ராவி எடுத்திருந்தார்கள். மேல்பக்கத்தில் மெல்லிய கோடுகள், நூற்றுக்கணக்கில். எல்லாம் ஜோடி ஜோடியாக, இரண்டு தகடுகள் மாறி மாறி விழுந்த வெட்டுகள்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினான். வெள்ளி நிறத்தில் வெறும் இரும்பு மின்னியது. எண்ணெய்ச் சட்டியை எடுக்கத் திரும்பினான்.

டக்.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. காற்றில் தகரம் அடித்திருக்கலாம். காற்று நின்றிருந்தது.

டக். டக. டக். டக.

அது கம்பம் பஸ் ஸ்டாண்டில் தினமும் கேட்கிற சத்தம்தான், கல்லின் மேல் கொத்துப் பரோட்டா போடுகிற சத்தம். ஆனால் கல்லின் மேல் எதுவும் இல்லை. கழுவின தண்ணீர் மட்டும் முத்து முத்தாக நின்று, ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளிக்கொண்டிருந்தது.

பிரின்ஸ் எண்ணெய்ச் சட்டியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். முத்துராஜாவுக்குப் போன் போட்டு, கல் எந்த வீட்டில் இருந்து வந்தது என்று கேட்டான். சுருளிப்பட்டி, சங்கிலியம்மாள் வீடு. பைக்கை எடுத்தான். வாசலில் ஒன்பது வயது மகள் எப்சிபா சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வர்றப்ப எனக்கு முறுக்கு வாங்கிட்டு வாங்கப்பா!"

சரி என்று தலையாட்டினானா இல்லையா என்பதுகூடப் பிறகு அவனுக்கு நினைவில்லை.

சங்கிலியம்மாள் தோட்டத்து வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொத்துகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. பிரின்ஸ் கல்லைப் பற்றி வாயெடுத்ததும் அவள் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றது.

"மேல இருந்த கருப்பு அப்படியே இருக்கா தம்பி?"

"இல்லைங்கம்மா. உரிச்சிட்டேன். பேரு இருக்கான்னு பாக்குறதுக்கு..."

"பேரா? என்ன பேரு வச்சுக் கூப்பிடப் போறீக அதை?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்லை. "எம் மவன் ஒரு தறுதலை. நான் தேனிக்குக் காதுகுத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தூக்கி வித்துப்புட்டான்."

"என்னன்னு சொல்லுங்கம்மா. அது தானா சத்தம் போடுது."

சங்கிலியம்மாள் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரக சுந்தரலிங்கம், கம்பத்துல ஓட்டல் வச்சிருந்தாக. அந்தக் கல்லை ஏதோ ஏலத்துல எடுத்தாக. மாஸ்டரு சீனிச்சாமி. ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காத மனுசன். ஒருநா இவுக, 'கல்லு ஒரே கருப்பா கெடக்கு, சாப்பிட வர்றவன் மூஞ்சியச் சுளிக்கிறான், செங்கலை வச்சுத் தேயிங்கடா'ன்னாக. ரெண்டு பேரு தேய்ச்சு வெள்ளையாக்கிட்டாக. மாஸ்டரு உள்ளங்கையால எண்ணெய் தடவுனாரு. அன்னைக்கு மத்தியானம் கல்லு காஞ்சு கெடக்கு, கடை நெறைய சனம். இவுக பக்கத்துல போயி நின்னாக. மாஸ்டரு இவுக கையப் பிடிச்சுக் கல்லு மேல வச்சாரு."

காற்று வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து இலைகளைக் கிழித்துக்கொண்டு போனது.

"வெளிய உக்காந்திருந்தவுக எல்லாம் கொத்துப் பரோட்டான்னே நெனைச்சாக தம்பி. ஒருத்தன், 'மாஸ்டர், முட்டை ஒண்ணு சேத்துப் போடுங்க'ன்னான்."

"அவரு கத்தலையா?"

"கத்தலையே! கல்லுல கை பட்டவுகளுக்குத் தொண்டை அடைச்சிரும் போல. கண்ணு மட்டும் என்னையத் தேடுச்சு. நாலு ஆம்பளைக தொங்கியும் மாஸ்டரு கைய நிறுத்த முடியல. அடுப்ப அணைச்சு, கல்லு ஆறினப்பறம்தான் நின்னுச்சு. அதுக்குள்ள தோள்பட்டை வரைக்கும் போயிருச்சு."

"அப்பறம் கல்லை என்ன செஞ்சீங்கம்மா?" என்றான் பிரின்ஸ்.

"கெணத்துல போட்டோம். தண்ணிக்குள்ள கெடந்தும் தட்டுச்சு. அப்பறந்தான் மேல தூக்கி, கை படாம கம்புல துணியச் சுத்தி, நல்லெண்ணெய ஊத்தி ஊத்தி எரிச்சுக் கருப்பு ஏத்துனேன். கருப்பு மூடுனா அது தூங்கிரும். வெறுங்கல்லுல கையால எண்ணெய் தேய்ச்சா, தேய்ச்ச கைய அது எடுத்துக்கிரும். தம்பி, நீங்க எண்ணெய் தேய்க்கலையே?"

"இல்லை." மூச்சு அவனையறியாமல் வெளியே வந்தது. "கழுவிப் போட்டுட்டு வந்துட்டேன். எண்ணெய்ல கை வைக்கவே இல்லை."

"சாமி காப்பாத்துச்சு. வெறசாப் போயி..."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெபஷீலா வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தாள். தட்டிக் காதில் வைத்தான்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறீக, 'கழுவுன இரும்பை அரை மணி நேரம் அம்மணமா விட்டா துரு ஏறிரும்'னு. இன்னைக்கு நீங்களே ஈரக் கல்ல அப்படியே போட்டுட்டு ஓடிட்டீக! போயிப் பாத்தா ஓரத்துல மஞ்சளா வர ஆரம்பிச்சிருச்சு. என் கையிலதான் இந்தக் கட்டு இருக்கே. எப்சி, 'நான் செய்றேம்மா'ன்னா. ஒத்தையா நின்னு, சின்னக் கைய வச்சு, கல்லு முழுக்க எண்ணெய் தேய்ச்சிட்டா உங்க மக. அடுப்பும் பத்த வச்சாச்சு. காஞ்சு புகையட்டும். இருங்க... எப்சி, என்னடி அப்படிப் பாக்குற? ஏ எப்சி?"

அதற்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், டக். டக.

அத்தோடு முடிந்தது.

சங்கிலியம்மாளும் அதைக் கேட்டுவிட்டாள். அவள் கையில் இருந்த திராட்சைக் கொத்து நசுங்கிச் சாறு முழங்கை வழியாக ஒழுகியது. "அடுப்ப அணைக்கச் சொல்லு! தண்ணிய ஊத்தச் சொல்லு, போ!"

பைக் சுருளிப்பட்டி ரோட்டில் பறந்தது. ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஷீலா, எடு. எதிர்க்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கம்பத்துக்குள் சிக்னலில் ஒரு கேரளா லாரியின் முன்னால் விழப் பார்த்தான். டிரைவர் மலையாளத்தில் வைத வசவு பாதிதான் காதில் விழுந்தது. சிக்னல் ஓரத்து ஓட்டலில் மதியக் கூட்டம். மாஸ்டர் ஒருவன் கொத்துப் போட்டுக்கொண்டிருந்தான். டக டக டக டக. பிரின்ஸ் வாய்விட்டு ஓலமிட்டான். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுப்பட்டி தாண்டும்போது பக்கத்து வீட்டு ராஜபாண்டி நினைவுக்கு வர, அவருக்குப் போட்டான். எடுத்துவிட்டார்.

"மாமா, எங்க வீட்டுக் கொட்டகைக்கு ஓடுங்க. அடுப்ப அணைங்க. தண்ணி ஊத்துங்க!"

"நான் உத்தமபாளையத்துல கெடக்கேன் மாப்ள, பஸ் ஸ்டாண்டுல. ஏன், தீப்பிடிச்சிருச்சா?"

போன் கையில் இருந்து நழுவி ரோட்டில் சிதறியது.

ஊருக்குள் திரும்பினான். தெரு காலி. வெயில். வாசலில் நொண்டிக் கட்டம். பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

சத்தம் வாசலுக்கே கேட்டது.

பந்தலுக்கடியில் புகை. நல்லெண்ணெய்ப் புகைதான். அதோடு கலந்து இன்னொன்று. மயிர் கருகும் வாடை. தசை வதங்கும் வாடை.

டக. டக. டக. டக.

தண்ணீர் டிரம் கொட்டகைக்கு வெளியே நின்றது. வாளியை முக்கி எடுத்தான். கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. தோளால் இடித்தான். ஒருமுறை. இன்னொருமுறை. தாழ்ப்பாள் பிய்ந்தது.

முதலில் அவன் கண்ணில் பட்டது மோதிரம். ஜெபஷீலாவின் கல்யாண மோதிரம். கல்லின் நடுவில், விழுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சாண் உயரம் துள்ளி, சுற்றி, மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

எப்சிபா பெயிண்ட் டப்பாவின் மேல் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் அவனுடைய துரு சுரண்டும் தகடுகள். மணிக்கட்டுவரை எண்ணெய் மினுமினுத்தது. கண்கள் மூடியிருந்தன. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மூடுவாளே, அதே மாதிரி.

ஜெபஷீலா அடுப்போரம் மண்டியிட்டிருந்தாள். இடது தோள் கல்லின் விளிம்பில் சாய்ந்திருந்தது. தோளுக்குப் பிறகு எதுவும் இல்லை. உயிர் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. கண்கள் அவனைப் பார்த்தன, வாசலைப் பார்த்தன. மறுபடி அவனை. மறுபடி வாசலை. போ. போயிரு.

பிரின்ஸ் வாளியோடு பாய்ந்தான். ஈர மண்ணில் கால் வழுக்கியது. மண்ணை ஈரமாக்கியிருந்தது தண்ணீர் இல்லை. வாளி கவிழ்ந்து உருண்டது. விழாமல் இருக்கக் கையை நீட்டி, கிடைத்ததைப் பிடித்தான்.

கிடைத்தது கல்.

கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கையை இழுத்தான். வரவில்லை.

தட்டுகிற சத்தம் நின்றது. கொட்டகை முழுக்க எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும்.

எப்சிபா கண்ணைத் திறக்கவே இல்லை. கல்லில் கிடந்ததை எல்லாம் தகடுகளால் ஒரு ஓரமாக வழித்துக் குவித்தாள். வலது பக்கத்தைச் சுத்தமாக்கினாள். சட்டியில் இருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து, அங்கே, அவன் விரல்களைச் சுற்றி, சின்ன உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டாள். பிறகு இரண்டு தகடுகளையும் உயர்த்தினாள்.