ஸ்டேஷன் படியில் செருப்பு

ஜெபக்குமார் எழுந்தான். பல் துலக்கினான். ஸ்டவ்வைப் பற்ற வைத்து இரண்டு டம்ளர் டீ போட்டான். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தான். மனைவி பிரிசில்லாவைப் புதைத்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

அவள் வேலை பார்த்த ஓட்டலின் மேனேஜர் தாமோதரன். மாதக்கணக்கில் அவளைத் துரத்தினான். இணங்காவிட்டால் கொன்றுவிடுவதாகச் சொன்னான். அவள் புகாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் திருவிடந்தை கடற்கரைச் சவுக்குத் தோப்பருகே பிணமாகக் கிடந்தாள். கழுத்தில் விரல் தடம். கடலில் மூழ்கிச் செத்தாள் என்றது போலீஸ். கொலை என்று வழக்குப் பதிய வேண்டும். ஜெபக்குமாருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

அந்த ஸ்டேஷனில் புகாரோடு வருகிறவர்கள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். யாரும் சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது. ஏட்டம்மா ராஜம் ஈரப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மழையே இல்லியே?" என்றான்.

"தெனம் தொடைக்கிறேன் தம்பி." குரல் தாழ்ந்தது. "காயவே மாட்டேங்குது. ஒரே கடல் மண்ணா கீது."

உள்ளே பெஞ்சில் தாமோதரன் வடை தின்றுகொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், டெய்லி வந்துகினு கீற? இங்கியே வேலைக்குச் சேந்துடேன்."

இன்ஸ்பெக்டர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. என்றுமே நிமிர்ந்ததில்லை. பேப்பருக்குக் கீழே தெரியும் கால்களிடம்தான் அவர் பேசுவார்.

"சார், கேஸு..."

"நாளைக்கு வா."

ஜெபக்குமார் நின்றான். மேலே ஃபேன் முனகியது. கடற்பாசி நாற்றம் மெல்ல எழுந்தது.

பக்கத்தில் ஏதோ சொட்டியது.

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

பேப்பர் எரிச்சலோடு அசைந்தது. "உனக்குத் தனியா சொல்லணுமாம்மா? நீயும் நாளைக்கு வா. தரையெல்லாம் ஈரம் பண்ணிகினு..."

தாமோதரனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

அறையில் பெண்கள் யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் பேப்பரை மெதுவாக இறக்கினார். ஜெபக்குமாரின் கால்களை ஒட்டி இரண்டு ஈரத் தடங்கள். சின்னப் பாதங்கள். விரல்கள் மேஜையை நோக்கி இருந்தன.



அவர் பேப்பரை மறுபடி உயர்த்தினார். இம்முறை கால்களும் தெரியாத அளவுக்குத் தாழ்த்திப் பிடித்தார்.

"நாளைக்கு," என்றார்.

ஜெபக்குமார் வெளியே வந்தான். படியில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. நீல வார். அறுந்த இடத்தில் அவன் குத்திக் கொடுத்த ஊக்கு. உடலோடு கிடைக்காத செருப்பு.

செருப்பு இங்கே என்றால், ஆள் உள்ளே.

சாலைக்கு எதிரே டெலிபோன் பூத். பிரிசில்லா செத்த அன்று ஸ்டேஷனிலிருந்து இறங்கி, அங்கிருந்துதான் அவன் ஆபீசுக்குப் பேசினாள். அதற்கப்புறம் அவள் குரலை அவன் கேட்கவில்லை.

"இன்னிக்கும் புகாரு எழுதிக்கலங்க. நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. வந்துதானே ஆவணும்."