முதுகுப் பக்கம்

படப்பிடிப்பு வேன் அந்தப் பழைய வீட்டின் முன்னால் நின்றபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பஞ்சு கடைசி ஆளாக இறங்கினாள். தரையில் கால் ஊன்றியதும் இடது முழங்கால் வழக்கம்போல ஒருமுறை 'டிக்' என்றது. உள்ளே பொருத்தியிருந்த தகடு அவளுக்கு வணக்கம் சொல்லும் விதம் அது.

பஞ்சு அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. கதாநாயகிகளுக்குப் பதிலாகக் கீழே விழுவதுதான் அவள் தொழில். முதல் படத்தில் அவள் கூரையிலிருந்து உருண்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு ஸ்டண்ட் மாஸ்டர், "என்னய்யா இது, பஞ்சு மாதிரி விழுறா!" என்று கத்தினார். அன்றோடு சொந்தப் பெயர் வீட்டுக்குள் மட்டும் தங்கிவிட்டது.

அவள் உடம்பில் சேதாரம் இல்லாத இடம் குறைவு. முன்பற்கள் கட்டியவை. வலது கட்டைவிரல் மடங்காது. தோள் எலும்பு முறிந்த அன்று ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன ஆம்புலன்ஸ் ஓட்டுநரைத்தான் அவள் பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். "அன்னிக்குத் தூக்கினவர் இன்னும் இறக்கி வைக்கலை" என்று யூனிட்டில் கிண்டல் செய்வார்கள். இன்றைக்கும் அவருடைய வண்டிதான் வாசலில் தயாராக நின்றது.

அன்று எடுக்க வேண்டியது ஒரே காட்சி. வில்லன் கதாநாயகியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாடை அடித்தது. ஈரத்துணியைப் பெட்டிக்குள் போட்டு வெகுகாலம் மூடிவைத்துவிட்டுத் திறந்தது போன்ற வாடை. மாடிப்படி மரத்தாலானது. நடுவில் ஒரு வளைவு. பக்கவாட்டுச் சுவரில் சாயம் உரிந்து தொங்கியது. எத்தனை விளக்கு வைத்தும் படியின் மேல்முனை மங்கலாகவே இருந்தது. கேமராமேன் சலித்துக்கொண்டார். "வெளிச்சத்தை யாரோ தின்னுற மாதிரி இருக்கு."

வீட்டுக் காவலாளி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே காத்திருந்தபோது கதாநாயகி பஞ்சுவின் கையைப் பிடித்துக் கேட்டாள். "உங்களுக்கு பயமே வராதாக்கா?"

"ஏன் வராது? வயித்துக்குள்ள ஒரு பூனை படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அது படுத்தே இருந்தா விழலாம். எந்திரிச்சு நின்னுச்சுன்னா அன்னிக்கு விழக் கூடாது."

"நின்னிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல."

வில்லனாக நடிப்பவரிடம் அவள் தெளிவாகச் சொன்னாள். "கையை முதுகுகிட்ட கொண்டு வாங்க சார், தொட்டுடாதீங்க. நானே விழுந்துக்கிறேன்."

அவர் தலையாட்டினார். அவள் படியின் விளிம்பில் வந்து நின்றாள். எந்தப் படியில் தோளைக் கொடுப்பது, எந்த இடத்தில் சுருண்டுகொள்வது என்று கண்ணால் அளந்துகொண்டாள். மாஸ்டர் இன்னும் 'ஆக்ஷன்' சொல்லவில்லை.

முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன.

சூடான, ஈரமான உள்ளங்கைகள்.

தள்ளின.

பழக்கம் அவளைக் காப்பாற்றியது. தலை மார்புக்குள் போயிற்று, முதுகு வளைந்தது, வளைவில் தோள் மோதித் திரும்பியது. கீழே விரித்திருந்த மெத்தையில் வந்து விழுந்தாள். யூனிட் கைதட்டியது. சிரித்த முகத்தோடு எழுந்து நின்று பழகியவள் அன்றும் எழுந்து நின்றாள். பிறகுதான் மேலே பார்த்துக் கத்தினாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே சார்!"

வில்லன் நடிகர் வெளிறிப்போய் நின்றார். "சத்தியமா நான் கை வைக்கலைம்மா."

மாஸ்டர், "ஒத்திகைக்கே கேமரா ஓடிட்டுதான் இருந்துச்சு. பாத்துக்க" என்று மானிட்டரைக் காட்டினார். படத்தில் வில்லனின் கைகள் அவர் இடுப்பருகே சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பஞ்சு பார்த்தது அந்தக் கைகளை அல்ல. தன் சட்டையின் முதுகுப் பக்கத்தை. விழுவதற்குச் சற்று முன்பு துணி இரண்டு இடங்களில் உள்நோக்கிக் குழிந்தது. அழுத்தப்பட்ட மாவில் விரல் பதிவதுபோல.

அவள் வயிற்றுக்குள் பூனை எழுந்து நின்றது.

மறுபடி மேலே அழைத்துப் போனபோது விளிம்புவரை வந்தவள் நின்றுவிட்டாள். "மாஸ்டர், இது வேண்டாம். என்னால முடியாது."

கீழே நின்ற மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஊரைக் கூட்டி வச்சுட்டு இப்ப வந்து முடியாதுன்னா? வயசாயிடுச்சுன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ. வேற ஆளா இல்ல?"

"யாரையும் இதுல விடாதீங்க."

"இறங்கு முதல்ல. மெத்தையை எடுங்கய்யா."

மற்றவர்கள் மளமளவென்று இறங்கிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெத்தையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பஞ்சு மட்டும் மேலே. அவளால் முதுகைக் காட்டி இறங்க முடியவில்லை. சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு, நண்டுபோல, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். உயரமான பாலத்திலிருந்து சிரித்துக்கொண்டே குதித்தவள். கீழே யாரோ சிரித்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை.

வளைவுக்கு வந்துவிட்டாள். மூச்சு விட்டாள்.

முதுகுக்குப் பின்னால் சுவர் சூடாயிற்று.

பிறகு, சுவருக்குள்ளிருந்து, தள்ளியது.

இந்த முறை எதையும் அளந்துகொள்ள நேரமில்லை. கடைசிப் படியின் முனையில் விலா நொறுங்கும் சத்தத்தை அவளே கேட்டாள். ஆனாலும் வாசலிலிருந்து ஓடிவந்த கணவர் தொடுவதற்கு முன்பே, கையை ஊன்றி, பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். விழுந்தால் எழுவது, அதைத்தவிர வேறொன்றும் அவள் உடம்புக்குத் தெரியாது.

ஸ்ட்ரெச்சர் வாசலைக் கடக்கும்போது காவலாளி குனிந்தார். கணவர் வண்டிக் கதவைத் திறக்கப் போயிருந்தார்.

"எந்திரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார் காவலாளி, காதோரம். "விழுந்தவங்க எந்திரிச்சா அதுக்குப் பிடிக்காது."

"எதுக்கு?"

அவர் சட்டென்று பின்வாங்கிக்கொண்டார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அவளைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார்.

"ஏன் டாக்டர்?"

"முதுகுல ரெண்டு கை பதிஞ்ச மாதிரி தெளிவாக் கன்னிப்போயிருக்கு. ஆனா ரெண்டுமே வலது கை."

அவர் இல்லை என்று மட்டும் பஞ்சு சொன்னாள். ஆனால் வெளியே நின்ற கணவரின் காதில் பாதி விழுந்திருந்தது. வண்டியில் வரும்போது அவர் கடுகடுவென்று இருந்தார். "நான் அடிச்சேன்னு நினைக்கிறாங்களா? என்னைப் பாக்குற பார்வையே சரியில்லை. நீயும் வாயத் திறந்து இல்லைன்னு சொல்லல."

"சொன்னேங்க."

"எனக்குக் கேக்கலையே."

என்ன நடந்தது என்று அவள் சொன்னபோது அவர் நம்பவில்லை. விலாவோடு தலையிலும் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தார். மூன்றாவது மாடி வீட்டுக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். கணவர் மாத்திரை கொடுத்தார், சோறு பிசைந்து ஊட்டினார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவர்களுக்குள் அப்படி ஒரு மௌனம் வந்ததில்லை.

அதோடு அந்த வாடையும் வந்துவிட்டது. மூடிவைத்த ஈரத்துணியின் வாடை. முதலில் படிக்கட்டுப் பக்கமிருந்து. பிறகு கூடத்தில். கணவர் துணிக்கூடையைக் கவிழ்த்துத் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் கட்டிலருகே வந்து நின்று பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பத்து வயது, பொய் சொல்லவும் வராது, உண்மையை உடனே சொல்லவும் வராது.

"என்ன கண்ணு?"

"நேத்து படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலைம்மா. உன்னை மாதிரியே உடனே எந்திரிச்சுட்டேன்."

பஞ்சு மகளின் கையைப் பிடிக்கப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மகள், "கீழ்வீட்டு அக்காகூட விளையாடப் போறேன்" என்று ஓடிவிட்டாள். வாசல்கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம்.

செருப்புச் சத்தம் நின்றது.

பஞ்சு கட்டுப்போட்ட விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். வாசலுக்கு வந்து பார்த்தாள்.

மகள் படிக்கட்டின் மேல்முனையில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கவில்லை. திரும்பவில்லை. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

"அம்மா," என்றாள் மெல்ல. "பின்னாடி நீயா நிக்கிற?"

அவளுடைய சட்டையின் முதுகு உள்ளே குழிந்தது.

பஞ்சு ஓடினாள் என்று சொல்ல முடியாது, பாய்ந்தாள். மகளின் கால்கள் படியை விட்டு எழும்பிய கணத்தில் அவளை வாரி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். தலையைத் தன் தாடைக்கடியில் அமுக்கிக்கொண்டாள். பிறகு எல்லாப் படிகளுக்கும் தன் உடம்பைக் கொடுத்தாள். கேமரா இல்லை, மெத்தை இல்லை. சிமெண்ட் படி. அவள் வாழ்நாளில் விழுந்ததிலேயே அதுதான் சரியானது. இடுப்பில் ஏதோ ஒன்று காய்ந்த குச்சிபோல முறிந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் மோதி நின்றார்கள்.

மகள் நெளிந்தாள். எழப் பார்த்தாள்.

பஞ்சு பிடியை இறுக்கினாள். "எந்திரிக்காத."

"அம்மா…"

"சினிமால செத்த மாதிரி படுக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தேன்ல. அப்படிப் படு. கண்ணைத் திறக்காத. கட் சொல்ற வரைக்கும் மூச்சுகூட மெதுவாத்தான்."

இருவரும் கிடந்தார்கள்.

மேலே முதல் படியில் ஒரு ஈரமான சத்தம். வெறுங்கால் படிவதுபோல. அல்லது கை.

அடுத்த படி.

அடுத்த படி.

அவசரமே இல்லை அதற்கு. வாடை முதலில் வந்து சேர்ந்தது. பிறகு சூடு. பஞ்சுவின் கன்னத்தருகே எதுவோ குனிந்தது. மூச்சு விடவில்லை, முகர்ந்தது. மகளின் முடி ஒரு பக்கமாக விலக்கப்படுவதை அவள் தன் தாடையில் உணர்ந்தாள். குழந்தை அசையவில்லை. இத்தனை வலியிலும் அந்தத் தாய்க்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. என்ன அழகாகச் சாகிறாள் என் பெண்!

முதுகில் ஒரு உள்ளங்கை பட்டது. லேசாக ஒரு தடவை தள்ளிப் பார்த்தது. செத்ததா என்று பார்க்கக் காலால் நிமிண்டுவதுபோல.

அவள் பஞ்சுபோல, தள்ளிய பக்கம் சரிந்தாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து அலறியபோது வாடை போயிருந்தது.

மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பஞ்சுவின் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு தரைத்தளத்தில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். படியே இல்லாத வீடு. நடந்ததையெல்லாம் மகள் வாயால் கேட்டபிறகு கணவர் மறுத்துப் பேசவில்லை. நம்பினாரா என்பதும் தெரியவில்லை. மகளுக்கு பஞ்சு ஒன்று கற்றுக்கொடுத்தாள்: தடுக்கி விழுந்தால் அப்படியே படுத்துக்கொள், நான் சொல்லும்வரை எழாதே. பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கேலி செய்தார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள்.

பஞ்சு மட்டும் எழவே இல்லை.

"எலும்பு நல்லாச் சேந்துருச்சு, நடக்கலாம்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிறாங்க" என்பார் கணவர். "ஒரே ஒரு தடவை எந்திரிச்சு நில்லு. எனக்காக."

"எனக்கு இந்த நாற்காலி போதுங்க."

அவர் கண் கலங்கி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். உயிரைக் கொடுத்து விழுந்தவள் பயந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று சக்கர நாற்காலியிலேயே காய் நறுக்கினாள், மகளுக்குத் தலை பின்னினாள், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். மழை வந்தது, போயிற்று. வாடை எதுவும் வரவில்லை. அவள் மெல்ல மெல்லத் தூங்கவும் ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். கணவர் சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தார். 'தொப்' என்று ஒரு சத்தம். கூடத்து ஜன்னலோரம் இருந்த பஞ்சு நாற்காலியைத் திருப்புவதற்குள் அவர் சிரிப்பது கேட்டது.

"சோப்புத் தண்ணி வழுக்கிருச்சு. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்திரிச்சுட்டேன்."

பஞ்சு எட்டிப் பார்த்தாள். சமையலறையில் அவர் முதுகு தெரிந்தது. தொட்டிப் பக்கம் திரும்பிக் கைகழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுப்பில் உலைநீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் தோளைக் குலுக்கினார். திரும்பாமலே செல்லமாகச் சிணுங்கினார்.

"சும்மா இரு. முதுகுல கை வைக்காத, கூசுது."

கூடத்தின் மறுகோடியில் இருந்த பஞ்சு, நாற்காலியின் இரு கைகளையும் பிடித்தாள். கால்களைத் தரையில் ஊன்றினாள். இடுப்பு தீயாய் எரிந்தது.

எழுந்து நின்றாள்.

"இங்க பாரு," என்றாள், கணவரைப் பார்த்து அல்ல. "நான் எந்திரிச்சுட்டேன்."

அவர் திரும்பினார். ஈரக்கையோடு அப்படியே நின்றார். முகம் மலர்ந்து, அழுகையும் சிரிப்புமாக, "நின்னுட்டியா! நின்னுட்டியாடி!" என்றார்.

அவள் அசையாமல் நின்றாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அவளுக்குப் பின்னால் சக்கர நாற்காலி மெல்ல, சத்தமில்லாமல், பின்னோக்கி நகர்ந்தது; இடையில் ஒருவர் வந்து நிற்கும் அளவுக்கு.