சாவி திருப்பினால் இருளும் திரை

"கை வச்சது பகலவன்தான். நீங்க வந்து அத உறுதிப்படுத்துனா போதும்," என்று அறுவடை வண்டியின் சொந்தக்காரர் சாரங்கபாணி போனில் சொல்லியிருந்தார். குற்றவாளியை வாடிக்கையாளரே பிடித்து வைத்துவிட்டால் துப்பறிகிறவருக்கு வேலை இரட்டிப்பாகும். தஹ்மீனா கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் கீழ்வேளூருக்குப் புறப்பட்டாள். அறுவடை இயந்திரங்களின் மின்கோளாறுகளைக் கண்டுபிடிப்பது அவள் தொழில். உதிரிபாகம் விற்கும் நெடுமாறனும் புது டிஸ்ப்ளே ஒன்றைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். என்ன கோளாறாக இருந்தாலும் புதிதாக ஒன்றை மாட்டிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

வயலோரம் அறுவடை வண்டி நின்றது. சக்கரத்திலிருந்து கூரை வரை புது நீலப் பெயிண்ட், அதன்மேல் சந்தனமும் குங்குமமும். சம்பா நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. கிழக்கே மேகம் கட்டியிருந்தது.

"சாவியப் போட்டா டிஸ்ப்ளே நல்லா எரியுது. ஸ்டார்ட் பண்ணும்போது அணைஞ்சிடுது," என்றார் சாரங்கபாணி. "திரும்ப எரியும்போது ‘தொடர்பு இல்லை’ன்னு காட்டுது. இஞ்சின் ஓடுது, கதிர் அறுக்கிற கட்டர் சுத்த மாட்டேங்குது. புது பேட்டரி போட்டும் அதே கதை. இவன் தலைப்பொங்கலுக்கு மாமியார் வீடு போவணும்னு லீவு கேட்டான், நான் குடுக்கல. பொங்கல் முடிஞ்சதும் வண்டி இப்படி ஆயிடுச்சு. இவன்கிட்ட சாவி குடுக்காதீங்கன்னு மத்த வண்டிக்காரங்களுக்கும் சொல்லிட்டேன்."

ஓட்டுநர் பகலவன் வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வலங்கைமான்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் பழி நிலைத்தால் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு வேலை கிடைக்காது.

"நான் தொடலண்ணே," என்றான்.

"டிஸ்ப்ளேதான் மேடம் போச்சு. பெட்டியப் பிரிச்சிரட்டுமா?" என்றார் நெடுமாறன்.

"பொறுங்க," என்ற தஹ்மீனா, கேபின் விளக்கைப் போட்டுவிட்டுப் பகலவனை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். டிஸ்ப்ளே அணைந்தது. கூடவே விளக்கும் மங்கியது.

"ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போவுமா?" என்று அவள் நெடுமாறனிடம் கேட்டாள்.

அவள் ஒரு தடித்த கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைக் கேபினின் இரும்பிலும் மாட்டினாள். "இப்ப போடுங்க."

இஞ்சின் உறுமியது. டிஸ்ப்ளே அணையவில்லை. கட்டரும் சுற்றியது. நெடுமாறன் மனசே இல்லாமல் பெட்டியை ஜீப்பில் கொண்டுபோய் வைத்தார்.

"ஸ்டார்ட்டர் கரன்ட்ட ஒரேயடியா இழுக்கும். அந்த நேரம் பேட்டரி தளரும்," என்றாள் தஹ்மீனா. "கரன்ட் திரும்பிப் போற எர்த் வழி சுத்தமா இருந்தா டிஸ்ப்ளே தாங்கும். இங்க அந்த வழி அடைபட்டிருக்கு."

கேபினுக்கு அடியில் இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினாள். ஒயரின் முனை உட்கார வேண்டிய இரும்பில் நீலம் பளபளத்தது.

"பாத்தீங்களா அவன் வேலைய!" என்று கத்தினார் சாரங்கபாணி.

"கெடுக்க வந்தவன் ஒயர அறுத்திருப்பான், இல்ல போல்ட்ட லூசா விட்டிருப்பான். இத நல்லா இறுக்கியிருக்கு. துருவத் தேச்சு எடுத்துட்டு ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கு. பெயிண்ட் இருந்தா கரன்ட் பாயாது. போல்ட்டு தலையில குங்குமம் வேற. கோவத்துல இருக்கவன் பொட்டு வைப்பானா? இது பாசத்துல செஞ்ச வேலைங்க. மாட்டுப் பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?" என்று கேட்டாள் தஹ்மீனா.

சாரங்கபாணி நீலம் ஒட்டியிருந்த நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நாந்தான். யாரையும் தொட விடல. மாட்டுக்குக் கொம்புல அடிக்கிற மாதிரி இதுக்கும் அடிச்சேன். ஒயரக் கழட்டாம அடிச்சா அடியில விட்டுப்போவுமேன்னு..."

தஹ்மீனா பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெளுத்ததும் போல்ட்டை மாட்டினாள். தன் கேபிளை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். டிஸ்ப்ளே நிலைத்து நின்றது. இஞ்சினை நிறுத்திச் சாவியைப் பகலவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அறுப்பு முடிஞ்சதும் லீவு எடுத்துக்க தம்பி," என்றார் சாரங்கபாணி.

"லீவு கெடக்கட்டும்ண்ணே. என்னப் பத்தி யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்களுக்கு இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

சாரங்கபாணி மேகத்தைப் பார்த்தார், பிறகு நெல்லைப் பார்த்தார். அவமானத்தில் காது சிவக்க எண்ணை அழுத்தினார்.

"மருதையா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வண்டியக் கெடுத்தது பகலவன் இல்ல. நான்."

போனை வைத்தார்.

"அடுத்தது யாரு?" என்றான் பகலவன்.